மூன்று போத்தலும் ஒரு நாக்கும்

மஸ்கெலியாவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தோட்டத்தில் ஜெயரத்தினத்தின் நாக்குக்கு இருந்த மரியாதை ஜெயரத்தினத்துக்கு இருந்ததில்லை. தொழிற்சாலைக்குள் கொழுந்து வந்து வாடுவதிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பதவிக்குப் பெயர் டீமேக்கர். காலை பத்து மணிக்குத் தோட்டத்து நிர்வாகியான துரை வரும்போது நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருக்கும். ஜெயரத்தினம் கரண்டியில் அள்ளி, பழைய சீலையை இரண்டாகக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு உறிஞ்சுவார். கண்ணை மூடி வாய்க்குள் உருட்டுவார். பித்தளைப் படிக்கத்தில் துப்புவார். பிறகு இங்கிலீசில் தீர்ப்புச் சொல்வார். ஹட்டனிலிருந்து இந்தப் பக்கம் அப்படி ஒரு நாக்கு இல்லை என்று துரைமார் பேசிக்கொள்வார்கள் என்பது அவர் காதுக்கும் வந்திருந்தது. வராமல் அவர் விட்டிருக்கவும் மாட்டார்.

அந்த நாக்கு செத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், மற்றவர் அவர் மனைவி சரோஜாதேவி.

ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை படுக்கையில் கிடந்தார். எழும்பியபோது காய்ச்சல் போயிருந்தது, கூடவே மூக்கும் நாக்கும் போயிருந்தன. அதை உடனே விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு அறிவு இருக்கவில்லை. ரசம் வெறும் சுடுதண்ணீராக இருக்கிறது, சாம்பாரில் காயம் இல்லை, ஊறுகாயில் உப்பு இல்லை என்று மனைவியோடு மூன்று நாள் சண்டை பிடித்தார். நாலாம் நாள் அவள் ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டி உப்பை அள்ளி அவர் வாயில் போட்டாள். அவர் அதையும் "இது என்ன சீனியோ?" என்று கேட்டார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது.

நாக்கில்லாத டீமேக்கரைத் தோட்டம் என்ன செய்யும்? கையைக் குலுக்கி அனுப்பிவிடும். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு இருந்த வீடு இராணுவத்தின் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. அங்கே அப்போது யார் இருக்கிறார்கள், கூரையாவது இருக்கிறதா என்று கேட்டறியக்கூட வழி இல்லை. இரண்டாயிரத்து ஆறில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையையும் பூட்டிவிட்டார்கள். மகள் மதுரா பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. அந்தச் சில வருடங்களை எப்படியாவது தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் ஜெயரத்தினத்தின் வாழ்க்கை லட்சியம்.

வழி சொன்னவள் சரோஜாதேவிதான். விடியற்காலையில் அவர் ஒவ்வொரு தூளிலும் ஒரு பிடி பொட்டலம் கட்டிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்கு என்று குவாட்டர்ஸுக்கு வருவார். அவள் குசினியில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒவ்வொன்றாக ஊற்றி, ருசி பார்த்துச் சொல்வாள். ஹட்டனில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உப்புப் புளியைப் பற்றிப் பேசினால் பாடம் எடுக்கிற மாதிரித்தான் இருக்கும்.

"இது கறிவேப்பிலை கருகின ரசம் மாதிரிக் கிடக்கு. சூட்டைக் குறையுங்கோ."

"இது உளுந்து ஊறக் காணாத மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்."

"இது நல்லம். இதுக்கு ஒண்டும் செய்யாதேயுங்கோ. உங்களுக்குத்தான் நல்லதைக் கண்டால் கை சும்மா இராதே."

இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு ஜெயரத்தினம் பத்து மணிக்கு மேசைக்குப் போவார். கருகின ரசத்தை இங்கிலீசில் கௌரவமான ஒரு சொல்லாக மாற்றுவார். நாக்கு செத்த பிறகு அவர் உறிஞ்சும் சத்தம் இன்னும் பெரிதாகிவிட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாதவன்தான் கூடச் சத்தம் போடுவான் என்று அவரே தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வார். துப்புவதிலும் ஒரு தனிக் கம்பீரம் வந்திருந்தது.

சரோஜாதேவி துப்புவதில்லை. "பெண்டுகள் மழையில நனைஞ்சு, அட்டைக் கடி வாங்கிக் கிள்ளின கொழுந்து. அதைத் துப்புறதோ?" என்று எல்லாவற்றையும் விழுங்குவாள். முன்பெல்லாம் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறவள், இந்த இரண்டு வருடமாகத் தனக்கென்று ஊற்றும்போதும் சீனி போடுவதில்லை. நீரிழிவுக்குப் பயந்துவிட்டாள் என்று ஜெயரத்தினம் நினைத்துக்கொண்டார். எதைத்தான் அவர் சரியாக நினைத்தார்?

இதற்கிடையில் தோட்டத்துக்கு ஒரு பச்சைச் சான்றிதழ் கிடைத்தது. வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்தது. இனிப் புல்லுக்கு மருந்து அடிக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். ஓடைக் கரையில் மரம் நட வேண்டும். பன்றி, முயல், பறவை எதையும் தொடக் கூடாது. மலைக்கு மலை மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். தொழிற்சாலையில் தூள் கூட்டும் மீனம்மா பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு ஜெயரத்தினத்திடம் வந்து, "ஐயா, அப்ப அட்டையையும் புடுங்கக் கூடாதுங்களா? அது குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணுங்களா?" என்று கேட்டாள். ஜெயரத்தினம் ஒரு அதிகாரிக்கு உரிய நிதானத்தோடு, மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை.

சான்றிதழ் வந்ததும் துரைக்கு ஒரு யோசனை பிறந்தது. இளம் வயதுத் துரை, யோசனைக்குக் குறைவில்லாதவர். பழைய சின்னத்துரை பங்களாவைத் திருத்தி வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டார். பச்சைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இரவுச் சாப்பாட்டோடு சிவப்பு வைன் வேண்டுமாம். அதுவும் இதே மாதிரி நஞ்சடிக்காத, மண்ணைக் கெடுக்காத திராட்சைத் தோட்டத்து வைனாக இருக்க வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. கொழும்பிலிருந்து வைன் இறக்குமதி செய்கிற ஒரு கம்பனிக்காரர் மூன்று போத்தல் அனுப்பியிருந்தார்.

துரை அந்த மூன்றையும் சனிக்கிழமை மத்தியானம் ஜெயரத்தினத்தின் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகப் பாருங்கள், மிஸ்டர் ஜெயரத்தினம். நாளைக்கு மத்தியானம் அந்தக் கம்பனிக்காரர் பங்களாவுக்குச் சாப்பிட வருகிறார். நீங்களும் மிஸிஸும் வர வேண்டும். எதை எடுப்பது என்று நீங்கள்தான் சொல்லப் போகிறீர்கள். தேயிலைக்குத் திறமான நாக்கு வைனுக்கு மட்டும் பிழைக்குமா?"

இங்கே ஜெயரத்தினம், "சேர், நான் சைவக்காரன், எனக்கு இது தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, அடியைத் தட்டிப் பார்த்து, "பார்ப்போம், சேர்" என்றார். எதற்காக அடியைத் தட்டினார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

வீட்டில் கதவைப் பூட்டி, சன்னல் சீலையை இழுத்துவிட்டு, போத்தல்களைக் குசினி மேசையில் வைத்தார். சரோஜாதேவி அவற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன விசரே?"

"இஞ்சேரும், கொஞ்சம் வாயில விட்டுப் பார்த்துச் சொன்னால் போதும்."

"தேத்தண்ணி எண்டால் சரி. நான் வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போறவள். என்னைப் பிடிச்சுச் சாராயம் குடிக்கச் சொல்லுறியள்."

"சாராயம் இல்லை. வைன்."

"புளிக்க வைச்சதுதானே?"

"தோசை மாவும் புளிக்க வைச்சதுதான்."

அவள் தோசை மாச் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். உற்சாகம் வந்து ஜெயரத்தினம் மூன்றாவது போத்தலைத் திருப்பி, பின்பக்கத்து லேபிளை மொழிபெயர்க்கத் தொடங்கினார். "பாரும், இந்தத் திராட்சைக்கு நஞ்சு அடிக்கிறேல்லையாம். புல்லு மேய ஆடு விடுறாங்களாம். ஆத்துக்கு ஒரு சொட்டு மருந்தும் போகாதாம். எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி அடிச்சுக் கட்டியிருக்கிறாங்களாம். எங்கட தோட்டம் மாதிரித்தான். இதைவிடச் சைவமான சாமான் உலகத்தில இருக்கே?"

"ஆந்தை எலியைப் பிடிச்சு வளர்க்குமோ? தின்னும்தானே. பிறகென்ன சைவம்?"

ஆந்தையைப் பற்றி வாசித்திருக்கக் கூடாது என்று ஜெயரத்தினத்துக்குப் பிந்தித்தான் பட்டது.

சரி, நாக்கில்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று ஒரு ரோசம் வந்தது. முதல் போத்தலைத் திறந்து தேயிலைக் கிண்ணத்தில் ஊற்றினார். நிறத்தைப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். தேத்தண்ணியின் தரத்தைக் கண்ணால் பிடிக்க அவருக்கு ஒரு வழி தெரியும். ஒரு கரண்டி பால் விட்டால் நல்ல தேத்தண்ணி பளீரென்று பொன்னிறமாகத் தெளியும், மோசமானது மண்தண்ணியாகக் கலங்கும். முப்பது வருடப் பழக்கம். கை தானாகப் போய்ப் பால் கோப்பையை எடுத்தது. ஊற்றியும்விட்டது.

வைன் ஒரு கணம் யோசித்தது. பிறகு கத்தரிப்பூ நிறத்தில் திரிதிரியாகத் திரைந்து, கிண்ணத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சரோஜாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். "முப்பது வருச அனுபவம்" என்றாள். மறுபடியும் சிரித்தாள். இரண்டு வருடமாக இந்தக் குசினியில் பயம்தான் இருந்தது, சிரிப்பு இருக்கவில்லை. அவளைப் பார்த்து ஜெயரத்தினமும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துங்கோ. பாலை அங்கால வையுங்கோ" என்றாள்.

முதலாவதைக் கஷாயம் குடிப்பதுபோல் மூக்கைப் பிடித்துக் குடிக்கப் போனாள். மூக்கைப் பிடித்தால் எப்படித் தெரியும் என்று தானே விட்டாள். "நாவற்பழச் சாறுக்குள்ள பழைய பலகையை ஊறவிட்ட மாதிரி. பலகைதான் கூட" என்றாள். இரண்டாவதற்கு ஒரு கண் தானாக மூடியது. "புளி. சொதிக்குத் தேசிக்காய் கூடப் பிழிஞ்சு போட்டினம்." மூன்றாவதைக் குடித்தாள். கேட்காமலேயே இன்னொரு மிடறு குடித்தாள்.

"இதுக்குள்ள ஒண்டு இனிக்குது. ஒண்டு துவர்க்குது. இன்னொண்டு சும்மா நிண்டுகொண்டு, அதுகள் ரெண்டும் சண்டை பிடிக்காமப் பார்க்குது."

ஜெயரத்தினம் லேபிளின் முன்பக்கத்தைப் பார்த்தார். மூன்று வகைத் திராட்சையைக் கலந்தது என்றுதான் எழுதியிருந்தது. அவர் அதை அவளுக்கு வாசிக்கவே இல்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது, அதோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஒரே மலையின் கொழுந்தை ஒரே தூளாக்கி அனுப்புவதுதான் ஒழுக்கம், கலப்பதெல்லாம் கொழும்பு வியாபாரியின் வேலை என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்தவர் அவர்.

"போயும் போயும் கலப்படத்தைப் பிடிச்சீர். மூண்டிலயும் விலை குறைஞ்சது அதுதான்."

"விலை வாய்க்குத் தெரியுமே? மற்ற ரெண்டும் தங்களைப் பெரிய ஆக்கள் எண்டு நினைக்குதுகள். இது சாப்பாட்டோட இருந்து கதைக்கக்கூடிய ஆள்."

அன்று பின்னேரம் சரோஜாதேவி வழக்கத்துக்கு மாறாக நன்றாகத் தூங்கினாள். சாமி விளக்கை ஜெயரத்தினம் ஏற்றினார். ஏற்றிவிட்டு, பலகை, புளி, சண்டை பிடிக்காதது என்று மூன்றையும் மனப்பாடம் செய்தார்.

ஞாயிறு மத்தியானம் பங்களாவில் மேசைக்கு வெள்ளை விரித்திருந்தார்கள். வெளியே மலைப் புகார் பனிமூட்டமாக இறங்கிச் சன்னல் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு நின்றது. பங்களாவின் சமையல், பரிமாறல் எல்லாவற்றுக்கும் பொறுப்பான அப்பு சின்னத்தம்பி வெள்ளைக் கோட்டோடு நின்றார். கோயில் நிர்வாகத்திலும் இருப்பவர். சரோஜாதேவிக்கு வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைத் தட்டு வாங்கிக் கொடுப்பவர். அவளுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன் டீச்சரம்மா."

கம்பனிக்காரர் உருண்டையான மனிதர், சிரித்த முகம். கைகளைத் தேய்த்துக்கொண்டு ஜெயரத்தினத்துக்கு முன்னால் மூன்று கண்ணாடிக் கோப்பைகளை வைத்தார். பின்னால் நின்ற மூன்று போத்தல்களுக்கும் வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தது.

"உங்கள் நாக்கைப் பற்றித் துரை நிறையச் சொன்னார். நேற்றே குடித்துப் பார்த்திருப்பீர்கள். அதனால் இன்று போத்தலை மறைத்து வரிசையையும் மாற்றிவிட்டேன். எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். சும்மா ஒரு விளையாட்டுக்கு."

ஜெயரத்தினம் மூன்று கோப்பைகளையும் பார்த்தார். மூன்றும் சிவப்பாக இருந்தன. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடச் சிவப்பு என்று நினைத்தார். மறுபடி பார்த்தபோது அதுவும் இல்லை. மூக்கை உள்ளே விட்டார், கோப்பை குளிர்ந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது மனிதன் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வான். அவர் தன் ஆயுளிலேயே மிகப் பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார்.

"அடேயப்பா!" என்றார் கம்பனிக்காரர். "எங்கள் ஆட்கள் வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள்!"

வாய்க்குள் ஈரம் இருந்தது, வேறொன்றும் இல்லை. துப்பப் படிக்கத்தைத் தேடினார். பங்களா மேசையில் படிக்கம் ஏது? கன்னம் உப்ப, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு அவர் சின்னத்தம்பியைப் பார்க்க, சின்னத்தம்பி விஷயம் விளங்கி ஐஸ் வாளியை நீட்டினார். ஜெயரத்தினம் அதில் துப்பினார். அந்தக் கம்பீரத்துக்கு மட்டும் குறைவில்லை.

"முதலாவது கோப்பையில் கொஞ்சம் மரத்தின் வாடை" என்று இங்கிலீசில் தொடங்கினார்.

சரோஜாதேவி இருமினாள். எந்தக் கோப்பையில் எது என்று அவளுக்கும் தெரியாது, அவர் குருட்டாக அடிக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

"மரம் என்றால் முழுக்க மரம் இல்லை. புளிப்புத்தான் முன்னுக்கு நிற்கிறது."

சரோஜாதேவி மறுபடியும் இருமினாள், இந்த முறை கொஞ்சம் பலமாக.

"மேடத்துக்குத் தடிமன், இருமல் போல" என்றார் கம்பனிக்காரர் அனுதாபத்தோடு. துரை இருமலைக் கவனிக்கவில்லை. தன் டீமேக்கர் ஒரு தீர்ப்பை மாற்றிச் சொல்வதை அவர் இதுவரை பார்த்ததில்லை. புருவத்தைச் சுருக்கி ஜெயரத்தினத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுராவின் படிப்பு, குவாட்டர்ஸ், பூட்டிக் கிடக்கும் பாதை எல்லாம் அந்த மூன்று சிவப்புக் கோப்பைகளுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

அப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. இரண்டு தங்கக் காப்புப் போட்ட கை. சரோஜாதேவி தேசிக்காய்த் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு, அவருடைய முதலாவது வைன் கோப்பையை எடுத்தாள். தாகத்தில் யோசியாமல் எடுத்தவள் மாதிரி நடிக்கப் பார்த்தாள். நடிப்பு அவளுக்கு வராது.

சின்னத்தம்பி ஐஸ் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கே தெரிந்துவிடும்: டீச்சரம்மா துரை பங்களாவுல உக்காந்து குடிச்சாங்க. வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டுவார்கள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கோப்பையைத் தூக்கினாள். ஒரு மிடறு குடித்து, எப்படியாவது கண்ணால் அவருக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

இரண்டு வருடமாக அவளுடைய நாக்கை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு திரிந்ததில் ஜெயரத்தினத்துக்கு வெட்கம் வந்ததில்லை. இப்போது வந்தது. தாங்க முடியாத அளவுக்கு வந்தது.

"வேண்டாம், சரோ" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு துரையின் பக்கம் திரும்பினார்.

"சேர், எனக்கு ருசி தெரியாது. வைன் மட்டுமில்லை. தேத்தண்ணியும்தான். காய்ச்சல் வந்த நாளிலிருந்து மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை."

துரைக்கு முதலில் விளங்கவில்லை. "அப்படியென்றால் தினமும் பத்து மணிக்கு?"

"சத்தம் மட்டும் என்னுடையது, சேர். சொன்னதெல்லாம் என் மனைவி சொன்னது."

"இந்த வருடம் ஏலத்தில் முதல் விலை எடுத்தோமே. அந்தத் தூள்?"

"அதுவும் இவதான்."

"அதற்கு முந்தின வருடம்? தோட்டக் கம்பனி பாராட்டியதே?"

"அதுவும் இவதான், சேர்." சொல்லிக்கொண்டு வரும்போதுதான் ஜெயரத்தினத்துக்கே அது உறைத்தது. முப்பது வருடமாக இல்லாத விலை, நாக்கு செத்த பிறகுதான் வந்திருக்கிறது. "நான் அதை இங்கிலீசில் சொன்னேன்" என்று மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டார்.

சாமான் ஏற்ற எந்த லொறி கிடைக்கும், அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று ஜெயரத்தினம் யோசித்தார். பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு நடுவில், இறுக்கின செருப்பைக் கழற்றிவிட்ட மாதிரி ஒரு சுகமும் இருந்தது.

துரை எழுந்து, மூன்று கோப்பைகளையும் தன் கையாலேயே சரோஜாதேவிக்கு முன்னால் நகர்த்தினார். "மேடம்" என்றார்.

சரோஜாதேவி துரையைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். "பார்க்கட்டோ?"

"உம்மட விருப்பம்."

அவள் சின்னத்தம்பியின் பக்கம் திரும்பினாள். "சின்னத்தம்பி, கண்டதைச் சொல்லலாம். கூட்டிச் சொல்லக் கூடாது."

"நான் ஏங்க சொல்லப் போறேன் டீச்சரம்மா" என்றார் சின்னத்தம்பி. "நல்லா நிதானமாப் பாருங்க. வேணும்னா துப்பிக்குங்க." ஐஸ் வாளியை நீட்டினார்.

"எனக்குத் துப்புற பழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் குடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமே வரவில்லை. பிறகு தமிழில் சொல்லத் தொடங்கினாள். ஜெயரத்தினம் இங்கிலீசில் சொன்னார். ஆனால் இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூன்று சொல் கூடுதலாக இருந்தது.

"என் மனைவி சொல்கிறார், முதல் கோப்பையில் இருப்பதுதான் நல்லது. என் மனைவி சொல்கிறார், அதில் மூன்று வகை இருக்கிறது, ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்காமல் இருக்கிறது. என் மனைவி சொல்கிறார், நடுவில் இருப்பது பலகை. கடைசியில் இருப்பது சொதி." தேங்காய்ப்பால் குழம்பான சொதியை மட்டும் அவரால் மொழிபெயர்க்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

கம்பனிக்காரர் துண்டுகளை உருவினார். சரியாக இருந்தது. மூன்றிலும் மலிவானதைப் பிடித்துவிட்டாரே என்று அவருக்கு முகம் கொஞ்சம் வாடினாலும், கை தட்டினார். துரை அந்தக் கலவையிலேயே எடுப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு நெடுநேரம் மேசை விரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"வாட்டுவது, அரைப்பது, காய வைப்பது எல்லாம் இப்போதும் உங்கள் கண்ணும் கையும்தானே?" என்றார் கடைசியில்.

"ஓம், சேர். அது இருக்கிறது."

"நாளைக்குப் பத்து மணிக்கு மேசைக்கு இரண்டு பேரும் வாருங்கள். தோட்டக் கம்பனிக்கு நான் எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிஸ்டர் ஜெயரத்தினம், இனி அந்தச் சத்தம் தேவையில்லை" என்றார்.

குவாட்டர்ஸுக்குத் திரும்பும் பாதையில் புகார் தேயிலைச் செடிகளின் இடுப்பளவுக்கு நின்றது. சரோஜாதேவியின் நடை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஜெயரத்தினம் அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு முழங்கையைப் பிடித்தார். வேலை தப்பிவிட்டது, வீடு தப்பிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் துரை கேட்ட அந்த ஏலக் கணக்கு நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"இஞ்சேரும். உள்ளதைச் சொல்லும். எனக்கு நாக்கு இருந்த காலத்தில என்ர தேத்தண்ணி எப்பிடி இருந்தது?"

சரோஜாதேவி நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. உள்ளே போன வைன் அதற்கு விடவில்லை.

"மூண்டு கரண்டி சீனி போட்டுக் குடிச்சனான்தானே, அப்பா" என்றாள்.